அண்டியாபீஸ் வாசலிலிருந்து உலகச் சந்தை: யாரிடம் வாங்குகிறோம், யாருக்கு விற்கிறோம்?

நாகர்கோவிலில் 2025 அக்டோபரில் நடந்த மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் நம் அணித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல் தருகிறோம். கொஞ்சம் நீளம்தான். முழுசாகப் படித்துவிட்டுப் பகிருங்கள்.



எனக்குக் கொடுத்த தலைப்பு "இந்தியாவின் வர்த்தகப் பங்காளிகள்". கேட்ட உடனே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல பங்காளின்னா யாரு மக்களே? கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை வைக்கணும், வைக்கலேன்னா மூஞ்சியைத் தூக்குவான். வரப்பு ஒரு சாண் நகர்ந்தா தக்கலை கோர்ட்டுல கேசு போடுவான். அவன் இல்லாம வீட்டுல ஒரு காரியமும் நடக்காது, அவனை முழுசா நம்பவும் முடியாது. நாடுகளுக்கு நடுவுல உள்ள பங்காளி உறவும் அச்சு அசலா இதுதான்.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். தப்பு என்னோடது.

அமெரிக்கா ஆகஸ்ட் 7ஆம் தேதி இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதம் வரி போட்டது. ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்குறோம்னு சொல்லி, ஆகஸ்ட் 27லேருந்து அது 50 சதவீதம் ஆச்சு. அந்த வாரம் நான் ரெண்டு போஸ்டர் செஞ்சேன். ஒண்ணு, "இந்தியாவின் முதல் வர்த்தகப் பங்காளி சீனா". ரெண்டாவது, "அமெரிக்க வரியால் குமரி முந்திரி ஆலைகளில் வேலை இல்லை". உங்கள்ல பாதிப் பேர் அதை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தீங்க.

எங்க அம்மா அண்டியாபீஸ்ல தோல் எடுக்கிற வேலை பார்க்கிறவங்க. பதினெட்டு வருஷமா அதுதான் எங்க வீட்டுச் சோறு, என்னோட இன்ஜினியரிங் ஃபீஸ் எல்லாம். நான் பெருமையா போஸ்டரைக் காட்டினேன். வாசிச்சுட்டு அம்மா கேட்டாங்க: "எல மக்களே, எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு மூணு நாள் வேலைன்னு ஆனது இப்பமா? அது ஆயி நாலஞ்சு வருசமாச்சே. பச்சக்கொட்ட வரலேன்னு சொல்லிதான் பூட்டுதாவ. இதுல அமெரிக்கா எங்க வந்துச்சு?"

எனக்குப் பதில் இல்ல. ராத்திரியே உட்கார்ந்து வர்த்தக அமைச்சகத்தோட புள்ளிவிவரத்தைப் பார்த்தேன். முதல் போஸ்டரும் தப்பு. 2024-25ல முதலிடம் அமெரிக்காவுக்கு. ரெண்டையும் அழிச்சேன். அழிச்சதும் தேடித் தெரிஞ்சுகிட்டதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட பேச வந்திருக்கேன்.

யார் யார் அந்தப் பங்காளிகள்?

2024-25 நிதியாண்டுக் கணக்கு. பொருள் வர்த்தகம் மட்டும். மனசுல வச்சுக்கிடுங்க.

முதல் இடம் அமெரிக்கா. மொத்தம் 13,184 கோடி டாலர். இதுல நாம வித்தது சுமார் 8,650 கோடி டாலர், வாங்கினது சுமார் 4,530 கோடி டாலர். அதாவது அவங்ககிட்ட ஒரு ரூபாய்க்கு வாங்கி, ஏறக்குறைய ரெண்டு ரூபாய்க்கு விக்கிறோம். என்ன விக்கிறோம்? செல்போன், மருந்து மாத்திரை, வைரம் தங்க நகை, திருப்பூர் பனியன், இறால், இயந்திர பாகங்கள். என்ன வாங்குறோம்? கச்சா எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, விமான பாகங்கள், பாதாம் பருப்பு.

ரெண்டாவது சீனா. மொத்தம் ஏறக்குறைய 12,770 கோடி டாலர். கேட்டா அமெரிக்காவுக்குச் சமம்னு தோணும். உள்ள போய்ப் பாருங்க: நாம வித்தது 1,425 கோடி டாலர், வாங்கினது 11,345 கோடி டாலர். ஒரு ரூபாய்க்கு வித்து எட்டு ரூபாய்க்கு வாங்குறோம். பற்றாக்குறை மட்டும் 9,900 கோடி டாலருக்கு மேல. செல்போனுக்கு உள்ள இருக்கிற சில்லுகள், கணினி, இயந்திரம், சோலார் தகடு, மருந்து செய்யத் தேவையான மூலப்பொருள், உரம் எல்லாம் அங்கேருந்து வருது. நாம அனுப்புறது இரும்புத்தாது, இறால், மிளகாய் வத்தல், ஆமணக்கு எண்ணெய், நூல். ஒருத்தன் இயந்திரம் அனுப்புறான், இன்னொருத்தன் மண்ணும் மிளகாயும் அனுப்புறான்.

மூணாவது ஐக்கிய அரபு அமீரகம், நம்ம ஆளுங்க பாஷையில "துபாய்". மொத்தம் 10,000 கோடி டாலர் அளவுக்கு. 2022 பிப்ரவரி 18ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தம் அதே வருஷம் மே 1 முதல் நடைமுறையில இருக்கு. அங்கேருந்து எண்ணெய், எரிவாயு, தங்கம் வருது. இங்கேருந்து சுத்திகரிச்ச எண்ணெய், நகை, செல்போன், அரிசி, காய்கறி போகுது.

அடுத்தது ரஷ்யா. சுமார் 6,870 கோடி டாலர். இதுல 6,380 கோடி டாலர் நாம வாங்கினது, பெரும்பகுதி கச்சா எண்ணெய். உக்ரைன் போர் 2022ல தொடங்குறதுக்கு முன்னால, இந்தியா வாங்கின கச்சா எண்ணெயில ரஷ்யாவோட பங்கு 2 சதவீதம்கூட இல்ல. 2024-25ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஆச்சு. அதுக்குப் பிறகு சவூதி, ஈராக், சிங்கப்பூர், இந்தோனேசியா எல்லாம் வரிசையில வருது. ஐரோப்பிய ஒன்றியத்தை ஒரே வீடா எண்ணினா அதுவும் அமெரிக்கா அளவுக்கு வரும்.

இந்தக் கணக்கை எல்லாம் உலக வரைபடத்துல தேட வேண்டாம். நாளைக்குக் காலையில வீட்டுச் சமையற்கட்டுல நில்லுங்க. அடுப்புல எரியிற கேஸ்ல பாதிக்கு மேல இறக்குமதி, பெரும்பகுதி வளைகுடாவிலேருந்து. சாம்பார்ல கிடக்கிற துவரம்பருப்பு மியான்மராகவோ மொசாம்பிக்காகவோ இருக்கலாம். மைசூர்ப்பருப்பு கனடா, ஆஸ்திரேலியா. 2024-25ல மட்டும் 70 லட்சம் டன்னுக்கு மேல பருப்பு இறக்குமதி செஞ்சிருக்கோம். பப்படம் பொரிக்கிற பாமாயில் இந்தோனேசியா, மலேசியா. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன். நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில பாதிக்கு மேல வெளியிலேருந்துதான் வருது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு வாங்கின மாவட்டம் நாம. நம்ம வீட்டுச் சட்டியிலயும் பாமாயில்தான்.

இது குமரிக்குப் புதுசு இல்ல

1741ஆம் வருஷம் ஆகஸ்ட் 10. குளச்சல் கடற்கரை. மார்த்தாண்டவர்மா படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தோற்கடிச்சுது. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், குளச்சல்ல வெற்றித்தூணும் பார்த்திருப்போம். சண்டை எதுக்குன்னு யோசிச்சிருக்கோமா? மிளகுக்கு. தாங்க சொல்ற விலைக்குத் தங்களுக்கு மட்டும்தான் மிளகு விக்கணும்னு டச்சுக்காரன் சொன்னான். திருவிதாங்கூர் முடியாதுன்னு சொல்லிச்சு. பிடிபட்ட தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள இன்னைக்கும் இருக்கு.

2024-25ல இந்தியா எந்த நாட்டுக்கு அதிகமா ஏற்றுமதி செஞ்சுதுன்னு பட்டியல் போட்டா முதல் இடம் அமெரிக்கா, ரெண்டாவது அமீரகம், மூணாவது அதே டச்சுக்காரன் நாடு, நெதர்லாந்து. பெரும்பகுதி சுத்திகரிச்ச எண்ணெய், ராட்டர்டாம் துறைமுகம் வழியா ஐரோப்பாவுக்குப் போகுது. நம்ம தென்னைநார்க் கழிவும் முந்திரிப்பருப்பும்கூட அங்க போகுது. 284 வருஷத்துக்கு முன்னால துப்பாக்கியோட வந்தவன் இன்னைக்கு பில்லோட வர்றான். அன்னைக்கும் இன்னைக்கும் கேள்வி ஒண்ணுதான்: விலையை யார் சொல்றது?

இன்னொரு கதை. 1909ல ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், இங்கேருந்து போன கயிற்றுல ஒட்டியிருந்த மணலை ஆராய்ச்சி செஞ்சார். அதுல மோனசைட் இருந்தது. தேடிக்கிட்டே வந்து சேர்ந்த இடம் நம்ம மணவாளக்குறிச்சி. அந்தக் காலத்து கேஸ் விளக்கு வலைக்கு அதுலேருந்து எடுக்கிற தோரியம் தேவைப்பட்டது. நாம கயிறு வித்தோம், அதுல ஒட்டியிருந்த மணலுக்கு உள்ள மதிப்பை வாங்கினவன் கண்டுபிடிச்சான்.

இந்தக் கதை இப்போ எதுக்குன்னா, 2025 ஏப்ரல்ல சீனா அரிய மண் தனிமங்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. மின்சார வண்டி மோட்டாருக்குள்ள இருக்கிற காந்தம் அதுலேருந்துதான் செய்றாங்க. உலகமே தடுமாறுது. உடனே எல்லாரோட கண்ணும் மணவாளக்குறிச்சி, கிள்ளியூர் மணல் மேல விழுது. நாட்டுக்கு அந்தத் தனிமம் வேணும்கிறதை நாம மறுக்கல. ஆனா அந்த மணலுக்கு மேல ஊர் இருக்கு, வலை காயுது, பிள்ளைங்க விளையாடுறாங்க. அங்க உள்ள சனங்க புற்றுநோய் பயத்தைச் சொல்லும்போது "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு முத்திரை குத்துறது அரசியல் இல்ல.

நம்ம மாவட்டத்தோட அஞ்சு சரக்கு

முதல்ல முந்திரி. அம்மா கேட்ட கேள்விக்கு நான் கண்டுபிடிச்ச பதில் இது. மார்த்தாண்டம், கருங்கல் சுற்றுவட்டாரத்துல அண்டியாபீஸ்ல உட்கார்ந்து உடைக்கிறதும் தோல் எடுக்கிறதும் தரம் பிரிக்கிறதும் பெரும்பாலும் பெண்கள். இந்தியாவுல விளையற கொட்டை நம்ம ஆலைகளுக்குப் பத்தாது. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியான்னு ஆப்பிரிக்காவிலேருந்து தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் கப்பல்ல பச்சைக்கொட்டை வரணும். இங்க உடைச்சு அமீரகம், ஜப்பான், நெதர்லாந்துன்னு அனுப்பணும்.

ஒரு காலத்துல பருப்பு ஏற்றுமதியில உலகத்துல நாமதான் முதல். இப்போ வியட்நாம். அவங்க இயந்திரம் போட்டாங்க, பச்சைக்கொட்டையை மொத்தமா வாங்குறாங்க. ஆப்பிரிக்க நாடுகளும் "எங்க கொட்டையை நாங்களே உடைக்கிறோம்"னு ஆலை கட்டுது. அதுல தப்பும் இல்ல, நாம 1741ல கேட்டதைத்தான் அவங்க இப்போ கேட்கிறாங்க. இந்த நெருக்கடியில நம்ம மத்திய அரசு என்ன செஞ்சுது? 2016 பட்ஜெட்டுல பச்சைக்கொட்டை இறக்குமதிக்கு 5 சதவீத வரி போட்டது. ஆலைக்காரங்க கத்தின பிறகு 2018ல 2.5 ஆக்கினாங்க. மூலப்பொருளுக்கே வரி போட்டுட்டு, போட்டியில ஜெயின்னு சொன்னா எப்படி?

ஆக அம்மாவோட மூணு நாள் வேலைக்குக் காரணம் வாஷிங்டன்ல மட்டும் இல்ல. ஹனோய்லயும் அபிஜான்லயும் டெல்லியிலயும் இருக்கு. 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்கா நமக்கு 50, வியட்நாமுக்கு 20னு வரி போட்டது அந்தப் புண்ணு மேல விழுந்த அடி. புண்ணு பழசு.

ரெண்டாவது ரப்பர். விடியக்காலம் தலையில விளக்கு கட்டிட்டு பால்வெட்டப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. நாட்டுக்கு வருஷத்துக்கு 14 லட்சம் டன் இயற்கை ரப்பர் தேவை. விளையறது 9 லட்சம் டன்னுக்கும் குறைவு. தட்டுப்பாடு இருந்தா விலை கூடணும்தானே? 2011ல கிலோ 240 ரூபாயைத் தொட்டது, 2016 ஆரம்பத்துல 100 ரூபாய்க்கும் கீழ போச்சு, மறுபடி 2024 ஆகஸ்ட்டுலதான் அந்தப் பழைய உயரத்துக்கு வந்தது. டயர் விலை இந்த மாதிரி இறங்கிப் பார்த்திருக்கீங்களா?

2010லேருந்து ஆசியான் ஒப்பந்தம் நடைமுறையில இருக்கு. இயற்கை ரப்பரைச் சலுகைப் பட்டியல்லேருந்து விலக்கி வச்சாங்க, அது உண்மை. ஆனா ரப்பரோட கொஞ்சம் ரசாயனம் கலந்து "கலவை ரப்பர்"னு பேர் மாத்தினா, தாய்லாந்து, வியட்நாம், மலேசியாவிலேருந்து மிகக் குறைஞ்ச வரியில உள்ள வந்துரும். முன்வாசலைப் பூட்டிட்டு பின்வாசலைத் திறந்து போட்ட கதை. 2023 பட்ஜெட்டுல கலவை ரப்பருக்கு வரியை 10லேருந்து 25 ஆக்கினாங்க. நல்ல காரியம்தான், சொல்லணும். ஆனா ஆசியான் வழி அதே ஒப்பந்தச் சலுகையில திறந்தே கிடக்கு.

மூணாவது மீன். 2024-25ல இந்தியா 16.98 லட்சம் டன் கடல் உணவு அனுப்பி 62,408 கோடி ரூபாய் சம்பாதிச்சிருக்கு. பெரிய சந்தை அமெரிக்கா, அடுத்தது சீனா. இதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல பணம் இறால், அதுவும் பெரும்பாலும் ஆந்திராவுல பண்ணையில வளர்க்கிறது. பழைய வரிகளும் சேர்ந்து இறாலுக்கு அமெரிக்காவுல 2025ல 58 சதவீதம் வரைக்கும் போச்சு. அப்போ நம்ம போட்டிக்காரன் ஈக்வடாருக்குப் புது வரி 15 சதவீதம்.

நம்ம ஆளுங்க பண்ணைக்காரங்க இல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையிலேருந்து நாள்கணக்கா, வாரக்கணக்கா ஆழ்கடல்ல தங்குறவங்க. சூரை, சுறா, கணவாய், வாளை. பெரும்பகுதி கொச்சிக்குப் போகுது, அங்கேருந்து ஐரோப்பா, சீனா, ஜப்பான். அப்போ அமெரிக்க வரி நம்மளைத் தொடாதான்னு கேட்டா, நேரா தொடாது, சுத்தி வந்து தொடும். அமெரிக்காவுக்குப் போக வழியில்லாத இறால் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்பினா, அதே ஏற்றுமதி ஆலைக்காரன் கணவாய்க்கும் விலையைக் குறைச்சுக் கேட்பான். பிடிச்ச மீனை வச்சிருந்து விக்க நம்மகிட்ட போதுமான குளிர்பதனக் கிடங்கு இல்ல. கரைக்கு வந்த மீனு அன்னைக்கே போகணும். வச்சிருக்க முடியாதவன் விலை பேச முடியாது.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30ஆம் தேதி நம்ம கடற்கரையில எத்தனை வீட்டு விளக்கை அணைச்சுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஏற்றுமதிப் பட்டியல்ல "கடல் உணவு"ன்னு ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால இருக்கிறது அந்த வீடுகள்தான்.

நாலாவது தென்னை. கதம்பையைத் தொட்டியில போட்டு அடிச்சு எடுத்த தும்பு ஒரு காலத்துல கயிறா, பாயா போச்சு. இப்போ கயிறு திரிக்கிறது குறைஞ்சு தும்பை அப்படியே கட்டு கட்டி அனுப்புறோம். இந்தியத் தும்பைப் பெருமளவு வாங்குறது சீனா. மெத்தை செஞ்சு அவங்க விக்கிறாங்க. தும்பா அனுப்பினா ஒரு விலை, கயிறா அனுப்பினா ஒரு விலை, மெத்தையா அனுப்பினா ஒரு விலை. நம்ம சகோதரிகளோட ராட்டு நின்னு போன இடத்துலதான் அந்த விலை வித்தியாசம் கப்பல் ஏறுது.

அஞ்சாவது கிராம்பு. மாறாமலை, கரும்பாறை, வேளிமலை. இந்தியாவுல விளையற கிராம்புல பெரும்பங்கு நம்ம மலையில. கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. ஆனா கடைக்கு வர்றதுல பெரும்பகுதி மடகாஸ்கர், தான்சானியா, இலங்கை கிராம்பு. இலங்கையோட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் 2000லேருந்து இருக்கு, ஏழை நாடுகளுக்கு 2008லேருந்து வரிச்சலுகை இருக்கு. ஏழை நாட்டு விவசாயிக்குச் சலுகை கொடுக்கிறதை நாம எதிர்க்கல. அந்தச் சலுகைக்கான விலையை மாறாமலைத் தொழிலாளி மட்டும் ஏன் கொடுக்கணும்?

ஆறாவதா ஒண்ணு இருக்கு, அது சுங்கக் கணக்குல வராது. நம்ம பிள்ளைங்க. திருவனந்தபுரம் விமான நிலையத்துல ராத்திரி ரெண்டு மணிக்குப் போய்ப் பாருங்க, அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வரிசையில நிக்கிறது யாருன்னு. 2024-25ல வெளிநாட்டு இந்தியர்கள் அனுப்பின பணம் 13,500 கோடி டாலர். சீனாவோட உள்ள பற்றாக்குறையை அடைச்சும் மிச்சம் வரும். நாட்டைத் தூக்கி நிறுத்துற அந்தப் பணத்துக்கு யாரும் மேடை போட்டு நன்றி சொன்னதா நான் கேட்டதில்ல.

கப்பல் எங்கேருந்து போகுது, குப்பை எங்க வருது?

இந்த வருஷம் மே 2ஆம் தேதி விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் திறந்து வச்சார். நம்ம எல்லையிலேருந்து கூப்பிடு தூரம். அதுக்குத் தேவையான பாறைக்கு நம்ம மலைகள்தான் பதில் சொல்லுது. ராத்திரி பூரா டாரஸ் லாரி ஓடி நம்ம ரோடு எப்படி இருக்குன்னு இங்க வண்டியில வந்தவங்களுக்குத் தெரியும்.

திறந்து மூணு வாரம்தான் ஆச்சு. மே 25ஆம் தேதி, விழிஞ்ஞத்துலேருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கண்டெய்னரோட மூழ்கிச்சு. சில நாள்ல நம்ம மேற்குக் கடற்கரை ஊர்கள்ல வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் உருண்டைகள் ஒதுங்கிச்சு. மணலைச் சல்லடையில சலிச்சோம் மக்களே. அந்தக் கப்பல்ல முந்திரியும் இருந்தது. லாபம் ஒரு கரையில இறங்கிச்சு, குப்பை நம்ம கரையில ஒதுங்கிச்சு. உலக வர்த்தகம்னா என்னன்னு எனக்குப் பாடம் நடத்தினது அந்த உருண்டைதான்.

நாம என்ன கேட்கிறோம்?

ஒண்ணு, பச்சைக்கொட்டை மேல உள்ள 2.5 சதவீத இறக்குமதி வரியை நீக்கணும். நீக்கினதோட பலன் முதலாளி பையிலேயே நிக்காம, அண்டியாபீஸ் தொழிலாளிக்கு மாசத்துல இத்தனை நாள் வேலைன்னு உறுதி ஆகணும்.

ரெண்டு, ஆசியான் ஒப்பந்தத்தை இப்போ மறுபரிசீலனை செய்றாங்க. கலவை ரப்பர் ஓட்டையை இந்த முறை அடைக்கணும்.

மூணு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் நாலு இடத்துலயும் மீனவர் கூட்டுறவு கையில குளிர்பதனக் கிடங்கு. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துல உயிர் போறதை நிறுத்துறது மாநில அரசோட வேலை. அதையும் நாம தயங்காம கேட்கணும்.

நாலு, தும்பைக் கயிறாகவும் மெத்தையாகவும் மாத்துற சின்ன ஆலைகளுக்குக் கடன். மலையை உடைக்கிறதுக்கும் மணலை அள்ளுறதுக்கும் முன்னால ஊர் சம்மதம்.

அஞ்சு, பிரிட்டனோட ஜூலை 24ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நாலு நாட்டு ஒப்பந்தம் இந்த மாசம் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தாச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தோடயும் 2025ல பேச்சு நடந்துச்சு. அமெரிக்கா கதவை அடைக்கும்போது வேற கதவைத் தட்டுறது புத்திசாலித்தனம்தான். ஆனா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ரப்பர்க்காரன்கிட்ட, மீன்காரன்கிட்ட, கிராம்புக்காரன்கிட்ட கேட்டீங்களா? நாடாளுமன்றத்துல முழுசா விவாதிச்சீங்களா?

நம்ம அணிக்கு மூணு வேண்டுகோள்

கடைசியா நமக்குள்ள பேச வேண்டியது. போஸ்டர் போடுறதுக்கு முன்னால மூணு கேள்வி கேளுங்க.

இது எந்த வருஷக் கணக்கு? முதலிடம் மாறலாம். நிதியாண்டா, காலண்டர் ஆண்டான்னும் பாருங்க.

இது பொருளா, சேவையும் சேர்த்தா? 2024-25ல பொருள் ஏற்றுமதி 43,740 கோடி டாலர், சேவை ஏற்றுமதி சுமார் 38,750 கோடி டாலர். ரெண்டையும் கூட்டினா கணக்கே வேற. எதிர்க்கட்சிக்காரன் கூட்டிச் சொல்வான், நாம பிரிச்சுச் சொல்வோம், கேட்கிறவன் ரெண்டு பேரும் பொய்யன்னு நினைப்பான்.

மொத்த வர்த்தகமா, விக்கிறது எவ்வளவு, வாங்குறது எவ்வளவுன்னு பிரிச்சதா? சீனாவும் அமெரிக்காவும் மொத்தத்துல ஒண்ணு போலத் தெரியும். பிரிச்சா ஒருத்தன்கிட்ட நமக்கு உபரி, இன்னொருத்தன்கிட்ட பள்ளம்.

"சீனப் பொருளைப் புறக்கணி"ன்னு சீனச் சில்லு உள்ள போன்ல டைப் பண்ணி அனுப்புறதால ஒண்ணும் ஆகாது. அம்மா சாப்பிடுற பிரஷர் மாத்திரையோட மூலப்பொருளே அங்கேருந்து வந்திருக்கலாம். புறக்கணிக்கணும்னா முதல்ல நாம செய்யக் கத்துக்கணும். தமிழ்நாடு 2024-25ல 1,465 கோடி டாலருக்கு மின்னணுப் பொருள் ஏற்றுமதி செஞ்சிருக்கு, இந்தியாவுல முதலிடம். ஸ்ரீபெரும்புதூர்ல போன் பூட்டுற பெண்கள்ல நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்களும் இருக்காங்க. அந்த ஆலைகள்ல ஒண்ணு ஏன் நாகர்கோவிலுக்கு வரலேன்னு கேட்கிற போஸ்டர் போடுங்க. அது உண்மையான கேள்வி.

நேத்து ராத்திரி இந்தப் பேச்சை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கை பூரா முந்திரி எண்ணெய்க் கறை, கழுவினாலும் போகாது. முழுசும் கேட்டுட்டு, "எல்லாம் சரிதான் மக்களே. திங்கக்கிழம ஆபீஸ் திறப்பாவளா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற அரசியலைத்தான் நாம பேசணும். வாக்கு கேட்டு வீடு வீடா போகும்போது உங்ககிட்டயும் இதைத்தான் கேட்பாங்க. அன்னைக்குக் கையில சரியான கணக்கு இருக்கட்டும், வாயில பொய் இல்லாம இருக்கட்டும்.



#குமரியின்குரல் #அண்டியாபீஸ்திறக்கட்டும் #ரப்பருக்குநியாயவிலை